குசினிப் பக்கத்துச் சூரியன்

என் தம்பி ஹரிசனுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. யார் எதைச் சொன்னாலும் "உண்மையா?" என்று கேட்பான்.

"பாண் முடிஞ்சுது" என்று அம்மா சொன்னால், "உண்மையா?" என்று கேட்டுவிட்டுப் பாண் பெட்டியைத் திறந்து ஒரு துண்டாவது கிடக்கிறதா என்று பார்ப்பான். "மழை தூறுது" என்றால், பல்கனிக்குப் போய்க் கையை நீட்டிப் பார்ப்பான். ஒருநாள் பல் வைத்தியர், "தம்பி, இது நோகாது" என்றார். அவரிடமும் கேட்டான். அவர் ஊசியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

என் பெயர் சாருஜா. எனக்குப் பதினொரு வயது. ஹரிசனுக்கு ஏழு வயது, தரம் இரண்டில் படிக்கிறான். வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் நான்காம் மாடியில் இருக்கிறோம். பல்கனியில் நின்றால் ரயில் பாதை தெரியும், அதற்கு அங்கால் கடல் தெரியும். அப்பாவுக்கு வங்கியில் வேலை. மூன்று மாதத்துக்கு முன் அவரைத் திருகோணமலைக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார்.

அப்பா இருந்தவரைக்கும் ஹரிசனை வாசிக்க வைப்பது அவருடைய வேலை. அவர் போன பிறகு அது என் தலையில் விழுந்தது.

சும்மா சொல்லக்கூடாது, பெரிய பாடுதான். அன்றைக்கு ஒரு கதைப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு இருந்தோம். முதல் வரி, "முயல் குடையைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போனது."

"உண்மையா?" என்றான்.

"கதையடா."

"முயல் என்னெண்டு குடை பிடிக்கும்?"

"பிடிச்சது. நீ அடுத்த வரியை வாசி."

"கடைக்காரர் பயப்படேல்லையா?"

"ஹரிசன்."

"பொய்யை நான் வாசிக்கமாட்டன்" என்று புத்தகத்தை மூடிவிட்டு எழும்பிப் போய்விட்டான்.

கதை பொய் என்பதால்தான் வாசிக்காமல் இருக்கிறானா, வாசிக்கக் கஷ்டமாக இருப்பதால் பொய் என்கிறானா என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கலாம்.

ஒக்டோபர் மாதம் வந்தது. ஒக்டோபர் என்றால் வாசிப்பு மாதம். அம்மா எங்களைக் கூட்டிப் போகப் பாடசாலைக்கு வந்தபோது, ஹரிசனின் வகுப்பாசிரியை கொன்ஸ்ரன்ஸ் ரீச்சர், அம்மாவை நிறுத்திக் கதைத்தார்.

"அடுத்த கிழமை வெள்ளிக்கிழமை வாசிப்பு நாள். ஒவ்வொரு பிள்ளையும் பெற்றோருக்கு முன்னால ஒரு பக்கம் வாசிக்கவேணும். விருப்பமான புத்தகத்தைக் கொண்டுவரலாம்."

"ஓம், ரீச்சர்."

"ஹரிசன் வகுப்பில வாயே திறக்கிறாரில்லை. அண்டைக்கும் வாசிக்காட்டி, வாசிப்புப் பாடத்துக்கு அவரைத் தரம் ஒன்றில கொண்டுபோய் இருத்தத்தான் வேணும். அவருக்காகத்தான் சொல்லுறன்."

ரீச்சர் கோபமாகச் சொல்லவில்லை. கவலையாகத்தான் சொன்னார். ஆனால் ஹரிசன் பக்கத்திலேயே நின்றான்.

வீட்டுக்கு வந்ததும் அவன் வாசலில் இருந்தான். சப்பாத்தைக் கழற்றும்போது கேட்டான்.

"அக்கா, தரம் ஒன்று கதிரை எவ்வளவு உயரம்?"

நான் கையால் காட்டினேன். அவன் அந்த உயரத்துக்கு முழங்காலை மடக்கி, சுவரில் சாய்ந்து இருந்து பார்த்தான்.

"என்ர முழங்கால் மேசையில இடிக்கும்" என்றான்.

"உண்மையா?" என்று அவன் கேட்காமல் நம்பியது ரீச்சர் சொன்ன அந்த ஒரு விசயத்தைத்தான். எனக்குப் பாவமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து, பாடசாலை விட்டு வந்து லிஃப்டுக்குக் காத்துக்கொண்டு நின்றோம். லிஃப்ட் கதவில் யாரோ மூன்று மொழியிலும் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். நான் கவனிக்கவில்லை. ஹரிசன் அதற்கு முன்னால் நின்று வாயை அசைத்துக்கொண்டிருந்தான். லிஃப்ட் வந்தும் அவன் வரவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் ஏறினேன்.

வீட்டுக்குள் போனதும், "அம்மா, நாளைக்கு விடிய அஞ்சு மணியிலயிருந்து மத்தியானம் வரைக்கும் தண்ணி வராது. மேல தாங்கி கழுவப் போகினம்" என்றான்.

"ஆர் சொன்னது?"

"லிஃப்ட் சொன்னது."

அம்மா சிரித்தார். நான் கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு சொல் பிசகாமல் அப்படித்தான் எழுதியிருந்தது. வீட்டில் இருந்த வாளி, பானை எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைத்தோம்.

அடுத்தநாள் காலையில் நான்காம் மாடியில் எங்கள் வீட்டில் மட்டும்தான் தண்ணீர் இருந்தது. மற்ற மூன்று வீட்டுக்காரரும் பாத்திரத்தோடு எங்கள் கதவைத் தட்டினார்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளையின் தயவால் எல்லோரும் முகம் கழுவினார்கள்.

"நோட்டீசை எப்பிடி வாசிச்சாய்?" என்று ஹரிசனிடம் கேட்டேன்.

"எழுத்துக் கூட்டி."

"அப்ப முயல் கதையை ஏன் வாசிக்கேல்ல?"

"முயல் கதையை வாசிச்சா வாளியில தண்ணி நிரம்புமே?" என்று திருப்பிக் கேட்டான்.

அந்தக் கேள்வியை நான் நாள் முழுக்க யோசித்தேன். சனிக்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு எங்கள் லேனில் இருக்கும் நூலகத்துக்குப் போனேன்.

அது ஒரு பழைய வீட்டின் கீழ்மாடி. இரண்டு அறைதான். வலன்ரைன் அங்கிள்தான் அங்கே எல்லாம். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தால், அவர் அதைத் தலைகீழாகப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்குவார். பிறகு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்ப்பார். ஒருமுறை ஒரு சமையல் புத்தகத்துக்குள் இருந்து பொரித்த மீனின் முள் விழுந்ததாம். அதற்குப் பிறகு அவர் யாரையும் நம்புவதில்லை.

"அங்கிள், உண்மையான விசயம் எழுதின புத்தகம் வேணும். சின்னப் பிள்ளையளுக்கு" என்றேன்.

"என்ன விசயம்?"

நான் ஹரிசனைப் பார்த்தேன்.

"கடல்" என்றான். "அதெண்டா எங்கட வீட்டிலயிருந்து தெரியும். பொய்யெண்டா பிடிச்சிடுவன்."

வலன்ரைன் அங்கிள் நீல அட்டை போட்ட ஒரு புத்தகத்தை எடுத்துத் தந்தார். பெரிய எழுத்து. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு புகைப்படம், அதற்குக் கீழே மூன்று நான்கு வரி.

ஹரிசன் அன்றைக்கு முழுக்க நான்கு பக்கம் வாசித்தான். ஆமை கூட அதைவிட வேகமாகப் போகும். ஆனால் விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, தானாக வாசித்தான். நான்காம் பக்கத்தில் நின்றான்.

"நண்டுக்குப் பத்துக் கால்கள். முன்னால் உள்ள இரண்டு கால்களும் கொடுக்குகள்." நிமிர்ந்து பார்த்தான். "உண்மையா?"

எனக்கு உடனே ஓம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. பிறகு, "எனக்கும் தெரியாது. எண்ணிப் பாப்பம்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா மார்க்கெட்டில் நண்டு வாங்கிவந்தார். ஹரிசன் ஸ்டூலில் ஏறி நின்று, தண்ணீர்த் தொட்டிக்குள் கிடந்த நண்டை எண்ணினான்.

"ஒன்பது" என்றான். முகம் விழுந்துவிட்டது. "பாத்தியா அக்கா, பொய்."

நான் நண்டு வந்த பையைக் கவிழ்த்துத் தட்டினேன். அடியிலிருந்து ஒரு கால் விழுந்தது.

ஹரிசன் அதை எடுத்து நண்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். பொருந்தியது. அடுத்த நண்டை எண்ணினான். பத்து. அதற்கடுத்ததும் பத்து.

"நண்டு சமைக்கிறதா, பள்ளிக்கூடம் வைக்கிறதா?" என்று அம்மா கேட்டார். ஹரிசனுக்கு அது கேட்கவில்லை. அவன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டுப் புத்தகத்தைத் தேடி ஓடிவிட்டான்.

அதற்குப் பிறகு நாங்கள் ஒவ்வொரு பக்கமாகச் சோதித்தோம். கடல் தண்ணீர் உப்பு என்று ஆறாம் பக்கம் சொன்னது. அன்று பின்னேரம் கரைக்குப் போய் விரலை நனைத்து நக்கிப் பார்த்தான். உப்புத்தான். இரண்டு தரம் பார்த்தான். அலை பட்டுப் பட்டுப் பாறை மழுங்கும் என்று ஏழாம் பக்கம் சொன்னது. கரையில் இருந்த கல்லைத் தடவிப் பார்த்தான். அதுவும் சரி.

திங்கட்கிழமைக்குள் அவன் வாசிப்பது காதால் கேட்கக்கூடிய வேகத்துக்கு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பாடசாலையில் ஒன்பதாம் பக்கத்தை வாசிப்பேன் என்று அவனே சொன்னான். அந்தப் பக்கத்துப் படத்தில் இருந்த கடல் எங்கள் கடலைப் போலவே இருந்ததாம்.

அன்று பின்னேரம் ஒன்பதாம் பக்கத்தை வாசிக்கத் தொடங்கினான்.

"தினமும் காலையில் கடலிலிருந்து சூரியன் எழுகிறது. மீனவர்கள் அந்த வெளிச்சத்தில் வலையை இழுக்கிறார்கள்."

நிறுத்தினான். எழும்பிப் பல்கனிக்குப் போனான். மணி ஆறு ஆகப் போகிறது. சூரியன் எங்கள் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அது முழுக்க மறையும்வரை நின்று பார்த்தான். பிறகு உள்ளே வந்து புத்தகத்தை மூடினான்.

"பொய்."

"எங்க, பாப்பம்."

"சூரியன் கடலுக்குள்ள போறது. அதுக்குள்ளயிருந்து வாறேல்ல. நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறன். இதுவும் முயல் கதைதான்."

"நண்டு சரியா வந்ததே."

"அது சும்மா வந்திட்டுது" என்றான். "நான் வெள்ளிக்கிழமை வாசிக்கமாட்டன்."

நான் அந்த வரியை வாசித்தேன். பிழைதான். எனக்கும் நன்றாகத் தெரியும். நானும் பிறந்த நாளிலிருந்து அதே பல்கனியில்தான் நிற்கிறேன். விடுமுறைக்கு யாழ்ப்பாணத்துக்குப் போனால் கோயில், சொந்தக்காரர் வீடு என்றுதான் சுற்றுவோம். விடியக் கடல் பார்க்க யாரும் கூட்டிக்கொண்டு போனதில்லை.

எனக்கு அந்தப் புத்தகத்தின்மேல் பொல்லாத கோபம் வந்தது. எவ்வளவு கஷ்டப்பட்டு அவனை வாசிக்க வைத்தேன், ஒரு வரியில் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டார்களே என்று நினைத்தேன். என் பேனையை எடுத்தேன். 'காலையில்' என்பதை வெட்டி 'மாலையில்' என்று எழுதினேன். 'எழுகிறது' என்பதை வெட்டி 'மறைகிறது' என்று எழுதினேன். வடிவான எழுத்தில்தான் எழுதினேன்.

"இந்தா, இப்ப சரி."

ஹரிசன் எட்டிப் பார்த்தான். "நீ எழுதினா உண்மையாகிடுமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான்.

செவ்வாய்க்கிழமையும் அவன் புத்தகத்தைத் தொடவில்லை. எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. புத்தகம் போட்டவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுவது என்று தீர்மானித்தேன். "ஐயா, உங்கள் புத்தகத்தின் ஒன்பதாம் பக்கத்தில் ஒரு பெரிய பிழை உள்ளது. இதனால் என் தம்பி தரம் ஒன்றில் போய் இருக்கவேண்டி வரும்" என்று தொடங்கினேன். முகவரி வேண்டுமே. புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பினேன். எழுதியவர் பெயர், அச்சிட்ட வருடம், அதற்குக் கீழே சென்னை என்று இருந்தது.

கடிதம் எவ்வளவு தூரம் போகவேண்டும் என்று பார்க்க என் தேசப்படப் புத்தகத்தை எடுத்தேன்.

சென்னையில் ஒரு விரலை வைத்தேன். அதற்குப் பக்கத்தில் கடல் இருந்தது, வலது பக்கத்தில். கொழும்பில் மற்ற விரலை வைத்தேன். அதற்குப் பக்கத்திலும் கடல் இருந்தது, இடது பக்கத்தில்.

தேசப்படத்தில் வலது பக்கம் கிழக்கு. சூரியன் கிழக்கில் உதிக்கும் என்று எனக்குத் தரம் மூன்றிலேயே தெரியும். பரீட்சையில் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். ஆனால் கடல் எந்தப் பக்கம் என்று எந்தப் பரீட்சையிலும் கேட்கவில்லை. கடல் என்றால் வெள்ளவத்தைக் கடல் என்றுதான் நான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

எழுதியவர் தன் ஊர்க் கடலைப் பார்த்துச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். சரியான வரியை நான் வெட்டியிருக்கிறேன். அதுவும் நூலகப் புத்தகத்தில், பேனையால்.

வலன்ரைன் அங்கிள் ஒவ்வொரு பக்கமாகத் திருப்புவது கண்ணுக்கு முன்னால் வந்தது. தம்பி கிறுக்கிவிட்டான் என்று சொல்லலாமா என்று ஒரு யோசனையும் வந்தது. வந்ததை மறைக்கக்கூடாது, வந்தது. உடனே வெட்கமாகவும் இருந்தது. கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, தேசப்படத்தைத் தூக்கிக்கொண்டு ஹரிசனிடம் போனேன்.

"தம்பி, புத்தகம் பொய் சொல்லேல்ல. பிழை விட்டது நான்தான்."

எல்லாவற்றையும் விரல் வைத்துக் காட்டினேன். அவன் பொறுமையாகக் கேட்டான்.

"படத்தை ஆரும் கீறலாம்" என்றான். "அந்தக் கடலை ஆர் பாத்தது?"

நான் படத்தைத் திரும்பப் பார்த்தேன். எங்கள் நாட்டுக்கும் வலது பக்கம் இருக்கிறதே. அந்தப் பக்கத்துக் கரையில் மேலே, திருகோணமலை என்று எழுதியிருந்தது.

அப்பாவுக்குக் கோல் எடுத்தேன்.

"அப்பா, உங்கட கடலில சூரியன் எத்தினை மணிக்கு வரும்?"

"எங்கட கடலிலயோ? ஆறு மணிக்குக் கிட்ட இருக்கும். நான் அந்த நேரம் நித்திரை, பிள்ளை."

"நாளைக்கு நித்திரை இல்லை" என்றேன். வெள்ளிக்கிழமை விசயத்தையும் சொன்னேன். பேனை விசயத்தைச் சொல்லவில்லை.

புதன்கிழமை விடிய ஆறு மணிக்கு முன்னால் அப்பா கடற்கரையில் நின்று வீடியோ கோல் எடுத்தார். தலைமயிர் எல்லாம் எழும்பி நின்றது. கடலைக் காட்டினார். ஒரே முகில். ஆறேகால் வரைக்கும் பார்த்தோம். முகில்தான் தெரிந்தது.

"மழை வரும் போல கிடக்கு" என்றார் அப்பா.

ஹரிசன் போய்ப் பாண் சாப்பிடத் தொடங்கினான். அவன் "பொய்" என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை கடைசி நாள். ஹரிசன் எழும்பமாட்டேன் என்று போர்வையைப் பிடித்துக்கொண்டான். போர்வையோடு சேர்த்துக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தேன். அப்பாவின் போனில் வானம் வெளிச்சமாக இருந்தது.

"பாத்துக்கொண்டு இருங்கோ" என்றார் அப்பா.

முதலில் கடலுக்கு மேலே ஒரு சிவப்புக் கோடு வந்தது. பிறகு அரை ரொட்டி அளவு. பிறகு முழு ரொட்டி. தண்ணீரிலிருந்து மெல்ல மெல்ல எழும்பி வந்தது.

ஹரிசன் போர்வையை விட்டுவிட்டான். போனை என் கையிலிருந்து பறித்துக்கொண்டு பல்கனிக்கு ஓடினான். எங்கள் கடல் சாம்பல் நிறமாகக் கிடந்தது. கோட்டைக்குப் போகும் ரயில் ஒன்று லைட் போட்டுக்கொண்டு போனது. சூரியன் இல்லை. திரும்பி வீட்டுக்குள்ளால் மற்றப் பக்கத்துக்கு ஓடினான். குசினியில் அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். குசினி ஜன்னலுக்கு வெளியே, காலி வீதிக் கட்டடங்களுக்குப் பின்னால் வானம் சிவந்திருந்தது.

அவன் போனையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்பா, நீங்க எங்கட குசினிப் பக்கம் நிக்கிறீங்க" என்றான்.

"ஓம். கொஞ்சம் தூரத்தில நிக்கிறன்."

"அப்ப எங்கட குசினிக்கு அங்கால போய்க்கொண்டே இருந்தா, அங்கயும் ஒரு கடல் இருக்கு."

"இருக்கு மகன். அதுக்குள்ளதான் நிக்கிறன். சப்பாத்து நனைஞ்சுபோச்சு" என்றார் அப்பா.

ஹரிசன் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு நீலப் புத்தகத்தைத் தேடி எடுத்தான். ஒன்பதாம் பக்கத்தில் நான் வெட்டிய இடத்தை விரலால் தேய்த்துப் பார்த்தான்.

"இது அழியாதா?"

"பேனை. அழியாது."

"வலன்ரைன் அங்கிள் பாப்பார்."

"ஓம்."

"உனக்குப் பயமா?"

"ஓம்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

கொஞ்சம் யோசித்தான். "நாளைக்கு நான் வாசிக்கிறன். சனிக்கிழமை நீ அங்கிளுக்குச் சொல்லு" என்றான்.

நானும் அதே பாடசாலைதான். வெள்ளிக்கிழமை என் ரீச்சரிடம் கேட்டுக்கொண்டு போய், தரம் இரண்டின் வாசலில் நின்றேன். அம்மா இரண்டாவது வரிசையில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தார். ஹரிசனுக்கு முன்னால் வாசித்த பிள்ளைகள் கடகடவென்று வாசித்தார்கள்.

ஹரிசன் முன்னால் போய் நின்றான். புத்தகத்தை விரித்து விரலை வைத்தான். நிறைய நேரம் எடுத்தது. யாரோ இருமினார்கள்.

"தினமும்... காலை... காலையில்" என்று தொடங்கினான். நான் மேலே எழுதியதை விட்டுவிட்டு, வெட்டுக்குக் கீழே அச்சில் இருந்ததைத்தான் வாசித்தான். 'மீனவர்கள்' என்ற சொல்லில் நின்றுவிட்டான். பிறகு எழுத்துக் கூட்டித் தாண்டினான். கடைசி வரி வரைக்கும் வாசித்தான்.

முடித்த பிறகும் தன் இடத்துக்குப் போகவில்லை. பெற்றோரைப் பார்த்துச் சொன்னான்.

"இது சென்னையில. திருகோணமலையிலயும் இப்பிடித்தான், அப்பா காட்டினவர். வெள்ளவத்தையில சூரியன் கடலுக்குள்ள போகும். விடிய குசினிப் பக்கத்தால வரும். நான் பாத்தனான்."

முன் வரிசையில் இருந்த ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "சரிதானே" என்றார்.

"நல்லது ஹரிசன்" என்று சொல்லிக் கொன்ஸ்ரன்ஸ் ரீச்சர் தன் கொப்பியில் ஏதோ எழுதினார்.

ஹரிசன் அங்கேயே நின்றான். "ரீச்சர், நான் இனி எந்தக் கதிரையில இருக்கிறது?"

ரீச்சர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். அவன் இவ்வளவு நாளும் அதை நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறான் என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியிருக்கவேண்டும்.

"உங்கட கதிரையிலதான் அப்பு. வேற எங்க?" என்றார்.

அவன் போய்த் தன் கதிரையில் இருந்து, முழங்காலை மேசைக்குக் கீழே விட்டான். எங்கும் இடிக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. வாசலில் நின்றதால் யாரும் பார்க்கவில்லை.

அடுத்தது என் முறை. சனிக்கிழமை வலன்ரைன் அங்கிள் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினார். ஒன்றும் விழவில்லை. ஒவ்வொரு பக்கமாகத் திருப்பத் தொடங்கினார். அவர் ஒன்பதுக்கு வரும்வரை என்னால் பொறுக்க முடியவில்லை.

"அங்கிள், ஒன்பதாம் பக்கத்தில பேனையால வெட்டினது நான். புத்தகம் பிழை எண்டு நினைச்சனான். பிழை என்னிலதான்."

அவர் அந்தப் பக்கத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"மீன் முள்ளுக் கண்டிருக்கிறன். பிஸ்கட் கண்டிருக்கிறன். புத்தகத்தையே திருத்தின ஆளை இப்பத்தான் காணுறன்" என்றார். "உமக்கு ஒரு மாசத்துக்குப் புத்தகம் இல்லை."

"சரி, அங்கிள்."

அவர் என் பெயரை எழுதிக்கொண்டிருக்கும்போது கேட்டேன். "அந்த இடத்தில ஒரு கடதாசித் துண்டு ஒட்டலாமா? புத்தகத்தில முதல் இருந்த வரியை நான் திரும்ப எழுதுறன். எங்கட கடலைப் பற்றித் தம்பி கீழ எழுதட்டும். இல்லாட்டி இங்க வாசிக்கிற மற்றப் பிள்ளையளும் குழம்புவினம்."

வலன்ரைன் அங்கிள் ஹரிசனைப் பார்த்தார். "எழுதுறவர் பேர் போடவேணும். பேர் இல்லாத ஒண்டையும் நான் இங்க ஒட்ட விடமாட்டன்."

ஹரிசன் மூன்று கடதாசியை வீணாக்கினான். நான்காவதில் சரியாக வந்தது.

'வெள்ளவத்தையில் சூரியன் கடலில் மறையும். விடிய குசினிப் பக்கத்தால் வரும். பார்த்தவர்: நா. ஹரிசன், தரம் 2.'

ஒரு மாதம் கழித்து என் தண்டனை முடிந்த நாளில் நாங்கள் இருவரும் நூலகத்துக்குப் போனோம். பக்கத்து லேனில் இருக்கும் ஹிபா என்ற சின்னப் பிள்ளை அந்த நீலப் புத்தகத்தை மடியில் வைத்து, விரலால் தொட்டுத் தொட்டு வாசித்துக்கொண்டிருந்தாள். ஹரிசன் அலுமாரிக்குப் பக்கத்தில் நின்று, கேட்காத மாதிரிக் கேட்டான்.

"விடிய... குசினிப் பக்கத்தால்... வரும்" என்று வாசித்த ஹிபா முகத்தைச் சுளித்தாள். "பொய்."

ஹரிசன் சட்டென்று திரும்பினான். "என்ன பொய்? நான் பாத்தனான்."

"எங்கட ஊட்டுல குசினி கடல் பக்கம் ஈக்கிது. சூரியன் உம்மாட ரூம் பக்கத்தால வார."

"உண்மையா?"

"வந்து பாருங்க" என்றாள் ஹிபா.

ஹரிசன் குனிந்து தன் துண்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் நின்றேன்.

அவன் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தான். புத்தகத்துக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோனவன், அப்படியே நிறுத்தி மேசைப் பக்கம் திரும்பினான்.

"அங்கிள், என்ர துண்டில ரெண்டு சொல்லு சேக்கலாமா?"

"உம்மட துண்டெண்டா சேத்து எழுதும்" என்றார் வலன்ரைன் அங்கிள்.

ஹரிசன் 'விடிய' என்பதற்கு முன்னால் இருந்த சின்ன இடத்தில், எழுத்துகளை நெருக்கி நெருக்கி, 'எங்கள் வீட்டில்' என்று எழுதினான்.

ஹிபா மறுபடியும் விரலை வைத்து, முதல் எழுத்திலிருந்து கடைசிவரை வாசித்தாள்.

"இப்ப மெய்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.